துவைத்த திரை

எங்கள் அண்ணியைத் துணிக்கடைக்கு ஒரு முறை கூட்டிப் போனவர்கள் மறுமுறை கூப்பிட்டதில்லை. குழந்தைக்குக் கவுன் எடுக்கப் போனால் மற்றவர்கள் நிறத்தைப் பார்ப்பார்கள், தையலைப் பார்ப்பார்கள். அண்ணி உள்மடிப்பிலிருந்து ஒரு நூலை உருவிக்கொண்டு கடைக்கு வெளியே போய் அதைக் கொளுத்திப் பார்ப்பார். சாம்பலாக உதிர்ந்தால் பருத்தி. உருகி, உருண்டு, கறுப்பு மணிபோல நின்றால் அந்தக் கவுன் அப்படியே மேசைக்குத் திரும்பிப் போகும். "இது உருகி உடம்புல ஒட்டிக்கும். புள்ள அடுப்படிப் பக்கம் போறவ, வேணாம்" என்பார். கடைக்காரர் முகம் போகிற போக்கைப் பார்க்க வேண்டுமே! எங்கள் தெருவில் அண்ணிக்குத் 'தீப்பெட்டி' என்றே பெயர்.

அதுதான் அவர் பிழைப்பு. நாடக அரங்கம், ஓட்டல், கூட்ட மண்டபம் என்று ஊரில் எங்கே பெரிய திரை தொங்கினாலும் அதற்குத் தீ பரவாமலிருக்க மருந்து போடுவது அவர்தான். வெங்கார உப்பையும் போரிக் தூளையும் வெந்நீரில் கரைத்து, திரையை அதில் முழுக்க நனைத்து, பிழியாமல் அப்படியே தொங்கவிட்டுக் காய வைப்பார். காய்ந்ததும் துணி சற்று விறைத்துப்போகும். பிறகு அடிமடிப்பில் ஒரு கீற்று வெட்டி, தண்ணீர் வாளிக்கு மேலே இடுக்கியில் பிடித்து, நெருப்பு வைத்துப் பார்ப்பார். குச்சியை எடுத்ததும் நெருப்பு தானாக அணைந்து, கருகல் மட்டும் மிஞ்ச வேண்டும். தீப்பிடிக்காத துணி என்று யாராவது சொன்னால் அவருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். "பிடிக்காத துணின்னு உலகத்துல ஒண்ணும் கிடையாது. பிடிச்சா ஓடக் கூடாது. அவ்வளவுதான் நம்மால முடியும்."

ஏன் இந்த வேலைக்கு வந்தீர்கள் என்று ஒருநாள் கேட்டேன். நெருப்பில் யாரையோ பறிகொடுத்த கதை ஒன்று வரும் என்று எதிர்பார்த்தேன். "இடம் காலியா இருந்துச்சு, சேர்ந்தேன்" என்றார். எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது.

இனி என் அண்ணன். கூடப் பிறந்தவன் என்பதற்காக நான் பூசி மெழுகப் போவதில்லை. பெரிய நாடக அரங்கம் ஒன்றின் பொறுப்பாளன் அவன். நான் அதே அரங்கத்தில் டிக்கெட் கொடுக்கிறேன். அண்ணனுக்குச் சுத்தம் ஒரு நோய் மாதிரி. நாற்காலிக் கைப்பிடியில் ஒரு விரல்ரேகை தெரிந்தால்கூட அவனுக்குச் சோறு இறங்காது.

அந்த அரங்கத்தின் திரை நல்ல சிவப்பு, கனமான பருத்தி வெல்வெட். அண்ணி மருந்து போட்டதில் மடிப்புகளில் வெள்ளைப் பூச்சாக உப்பு பூத்திருந்தது. அடர்ந்த நிறத்தில் அப்படித்தான் பூக்கும். ஆனால் முதலாளிக்கு அது கண்ணை உறுத்தியது. "என்னய்யா இது, சுண்ணாம்பு அடிச்ச மாதிரி இருக்கு? திரையக்கூடச் சுத்தமா வச்சுக்க முடியலைன்னா உனக்கெதுக்குய்யா இந்த வேலை?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டுவிட்டார். வேறு எதைச் சொல்லியிருந்தாலும் அண்ணன் தாங்கியிருப்பான். சுத்தமில்லை என்று சொன்னதில் கூனிக்குறுகிப் போனான்.

அண்ணி அப்போது வெளியூரில் ஒரு ஓட்டல் வேலையாக இருந்தார். தண்ணீர் படக்கூடாது என்பது அண்ணனுக்குத் தெரியாததல்ல. வீட்டில் காது புளிக்கக் கேட்டதுதான். ஆனால் அவன் தனக்குத் தானே ஒரு நியாயம் செய்துகொண்டான். மருந்து சாயம்போல நூலுக்குள் ஊறிவிட்டது, மேலே இருப்பது மிச்சத் தூசி, சோப்பு போட்டால்தானே கெடும், வெறும் தண்ணீரில் அலசினால் என்ன? இரண்டு ஆட்களைப் பிடித்து, திரையை இறக்கி, தண்ணீரை மாற்றி மாற்றி அலசிக் காயப் போட்டான். திரை புதுசாக வந்து நின்றது. முதலாளி தோளைத் தட்டினார்.

அந்த வாரக் கடைசியில் பள்ளிப் பிள்ளைகளின் நாடகம். அண்ணன் மகளும் அதில் இருந்தாள். முடிவுக் காட்சியில் திரை விலகும்போது பிள்ளைகள் கையில் மெழுகுவத்தி ஏந்தி, இரண்டு பக்கமிருந்தும் வரிசையாக மேடைக்கு வர வேண்டும். அதற்காகவே அண்ணி வெளியூரிலிருந்து அவசரமாக வந்தார். மகளுக்குத் தலை வார மேடைக்குப் பின்னால் போனவர் திரையைப் பார்த்ததும் நின்றுவிட்டார். நான் தண்ணீர்ப் பாட்டிலோடு பின்னாலேயே வந்துகொண்டிருந்தேன். திரையை இரண்டு விரலால் பிடித்துத் தேய்த்துப் பார்த்தார். பூனைக்குட்டி முதுகுபோல மெத்தென்று இருந்தது.

அடிமடிப்பில் ஒரு கீற்று வெட்டிக்கொண்டு கொல்லைப்புறம் போனார். நான் வாளியில் தண்ணீர் பிடித்து வைத்தேன். குச்சியைக் காட்டியதுதான் தாமதம், நெருப்பு குபுகுபுவென்று மேலே ஏறியது. இடுக்கியை அப்படியே தண்ணீரில் போட்டார். அந்தத் திரைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் எங்கள் பிள்ளையும் ஊரார் பிள்ளைகளும் நெருப்போடு நிற்கப் போகிறார்கள்.

அண்ணனைக் கூப்பிட்டு வந்தேன்.

"ஏங்க, திரைய நனைச்சீங்களா?"

"வெறும் தண்ணிதான். சோப்பே போடல."

"அது உப்புங்க. தண்ணில கரைச்சுப் போட்டது தண்ணிலயே போயிடும்."

அண்ணன் முகம் பேயறைந்த மாதிரி ஆனது. "இப்போ மறுபடி மருந்து போட முடியாதா?"

"போட்டா காய வேணாமா? இறக்கிடுங்க. திரை இல்லாம நாடகம் நடக்கட்டும்."

"ஏம்மா, மெழுகுவத்திய மட்டும் நிறுத்திடலாமே? முதலாளி முன்வரிசையில உக்காந்திருக்கார். இறக்கினா ஏன்னு கேப்பார். நான் தொலைஞ்சேன்."

"மேல வரிசையா விளக்கு கொதிச்சுக்கிட்டிருக்கு. அத என்ன பண்ணுவீங்க?"

அண்ணன் அசையவில்லை. அண்ணி விடுவிடுவென்று அரங்கத்துக்குள் போய் முதலாளியிடமே சொன்னார், திரையில் மருந்து இல்லை, இப்போதே இறக்க வேண்டும் என்று. முதலாளிக்குக் கோபம் தலைக்கேறியது. "இல்லைன்னா? யார் தப்பு இது?"

அண்ணன் பின்னால் வந்து நின்றிருந்தான். அண்ணி திரும்பி அவனை ஒரு பார்வை பார்த்தார்.

"என் தப்புதான். கலவை சரியா வரல" என்றார்.

அண்ணன் வாயைத் திறப்பான் என்று பார்த்தேன். திறக்கவில்லை. பெற்ற பிள்ளை மேடையில் நிற்க, கட்டியவள் பழியைச் சுமக்க, அவன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். எனக்கு அவனை நாலு அறை விட வேண்டும்போல இருந்தது. நான் பேச வாயெடுத்தபோது அண்ணி என் கையை நசுக்கிவிடுகிறவர்போலப் பிடித்தார். வெளியே வந்ததும், வாயைத் திறந்தால் ஆயுசுக்கும் என்னோடு பேச்சு கிடையாது என்றார்.

திரை இறங்கியது. நாடகம் வெறும் மேடையில் நடந்தது. பிள்ளைகள் மெழுகுவத்தியோடு வந்தார்கள், போனார்கள். ஒன்றும் ஆகவில்லை. ஆகாத ஒன்றுக்கு யார் நன்றி சொல்வார்கள்? திரை இல்லாமல் அரங்கம் களையே இல்லை என்று ஆளாளுக்குக் குறை சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனார்கள்.

முதலாளி சும்மா இருக்கவில்லை. அந்தப் பெண்மணியின் மருந்து பிடிப்பதில்லை என்ற பேச்சு ஓட்டல், மண்டபம் என்று எல்லா இடத்துக்கும் போய்ச் சேர்ந்தது. இந்தத் தொழிலில் பெயர்தான் எல்லாம். ஒவ்வோர் இடமாக அண்ணியைக் கூப்பிடுவது நின்றது. கடைசியில் அவர் ஒரு மெத்தைக் கடையில் தலையணை உறை தைக்க உட்கார்ந்தார். கலவைத் தொட்டியை வீட்டுக்குப் பின்னால் கவிழ்த்து வைத்துவிட்டார். அதன் பக்கம் அவர் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. ஒருநாள் தைத்துக்கொண்டே என்னிடம், "என்ன வேணா சொல்லியிருக்கலாம். கலவை தப்புன்னு மட்டும் சொல்லியிருக்கக் கூடாதும்மா" என்றார். அந்த வார்த்தை இன்றைக்கும் எனக்கு ஆறவில்லை.

அண்ணனும் நன்றாக இல்லை. உடம்பு பாதியாக இளைத்தான். ஒரு காலையில் சட்டையை மாற்றிக்கொண்டு நேரே முதலாளி அறைக்குள் போனான். அறை என் டிக்கெட் ஜன்னலுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. ஒவ்வொரு சொல்லும் கேட்டது.

"திரையத் துவைச்சது நான்தான். அவ மேல ஒரு தப்பும் இல்ல."

முதலாளி சிரித்தார். "அந்தம்மா வாயாலயே ஒத்துக்கிட்டாங்களேய்யா. செய்யாத தப்ப எவளாவது ஒத்துக்குவாளா? பொண்டாட்டிக்காக நீ பழிய ஏத்துக்கிறியா? பரவாயில்லய்யா, உன்ன மாதிரி ஒரு புருஷன் கிடைக்கக் கொடுத்து வச்சிருக்கணும்." கைகுலுக்கி அனுப்பினார்.

அண்ணன் வீட்டுக்கு வந்து நடந்ததைச் சொன்னான். நானும் கூடவே போயிருந்தேன். அண்ணி ஊசியைக் கீழே வைத்தார்.

"என்னை வேலை தெரியாதவள்னு நம்ப அந்தாளுக்கு ஒரு நிமிஷம் ஆகல. உங்கள நல்லவர்னு நம்பவும் ஒரு நிமிஷம் ஆகல பாருங்க."

அண்ணன் விக்கி விக்கி அழுதான். அவன் ஓயும்வரை அண்ணி காத்திருந்தார்.

"நாளைக்கு அந்த ஓட்டலுக்குப் போய்ச் சொல்லுங்க. அப்புறம் மண்டபத்துக்கு. யாராவது நம்பற வரைக்கும் சொல்லுங்க."

அண்ணன் போய்க்கொண்டுதான் இருக்கிறான். விடுமுறை நாளானால் சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு ஓர் இடத்துக்குப் போகிறான், நடந்ததை நடந்தபடி சொல்கிறான். கேட்கிறவர்கள் நெகிழ்ந்து போகிறார்கள், தேநீர் கொடுக்கிறார்கள், இந்தக் காலத்தில் இப்படி ஒரு கணவனா என்று வாசல்வரை வந்து வழியனுப்புகிறார்கள். அண்ணிக்கு இன்னும் ஒரு திரைகூட வரவில்லை.