அமாவாசைச் சவரம்

என் அண்ணனுக்கு மீசை முளைத்தது எங்கள் வீட்டில் ஒரு பெரிய பிரச்சினையாகிவிட்டது. மற்ற வீட்டுப் பையன்கள் கண்ணாடி முன்னால் நின்று அதைத் தடவித் தடவிப் பார்த்துக்கொள்வார்கள். என் அண்ணனுக்கு ஆட்டிசம். முகத்தில் யாராவது திடீரென்று கை வைத்தாலே அவனுக்கு உடம்பு தூக்கிப்போடும். முடிவெட்டுகிற மெஷின் சத்தம் கேட்டால் காதைப் பொத்திக்கொண்டு கத்துவான். முதல் முறை சலூனுக்கு அழைத்துப்போன அன்று, கழுத்தில் கட்டிய வெள்ளைத் துணியோடு, பாதி முகத்தில் நுரையோடு எழுந்து ஓடிவிட்டான். மாமா ஆட்டோவை எடுத்துக்கொண்டு துரத்தினார். பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு பூக்கடை வாசலில்தான் பிடிக்க முடிந்ததாம். அந்த வெள்ளைத் துணியைத் திருப்பிக் கொடுக்கப் போக யாருக்கும் முகமில்லாமல், வெகுநாள் அது எங்கள் வீட்டில் அடுப்படித் துணியாக இருந்தது.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. பெரிய காஞ்சிபுரத்தில் ஆட்டோ ஓட்டிக்கொண்டிருந்தார். எதற்கும் ஒரு குறுக்குவழி வைத்திருக்கிற மனிதர். அண்ணனுக்கு முதல் மொட்டை அடித்தபோது மடியில் உட்கார வைத்தவர் என்கிற உரிமையில், “மொட்டைக்கு மடி குடுத்தவன் மீசைக்குக் கை குடுக்க மாட்டேனா?” என்று சவரப் பொறுப்பையும் தானே எடுத்துக்கொண்டார்.

எங்கள் அப்பா வீட்டிலேயே தறி வைத்துப் பட்டு நெய்கிறவர். அப்பா தறிக்குழியில் கால் விட்டு உட்கார்ந்து நெய்ய ஆரம்பித்தால் அண்ணனும் வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொள்வான். அந்தத் தாளத்துக்கு முன்னும் பின்னும் லேசாக ஆடுவான். அப்போது அவன் முகத்தில் ஒரு நிம்மதி வரும். ஒரு நாள் அப்படி அவன் ஆடிக்கொண்டிருந்தபோது மாமா சத்தமில்லாமல் போய்க் கன்னத்தில் நுரையைத் தடவினார். அவன் அசையவில்லை. ரேசரை வைத்தார். அப்போதும் அசையவில்லை. அன்றைக்கு எங்கள் வீட்டில் கேசரி கிண்டினார்கள்.

அதிலிருந்து அதுவே முறையாகிவிட்டது. அப்பா நெய்வார், மாமா வழிப்பார், நான் தண்ணீர்க் குவளையைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். அம்மா கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருப்பாள். எனக்கு அப்போது ஆறு வயது. அந்தக் குவளை இல்லாவிட்டால் சவரமே நடக்காது என்பது என் எண்ணம். அண்ணனின் சிறப்புப் பள்ளி டீச்சர் மட்டும், “தறி இல்லாத எடத்துலயும் பழக்குங்கம்மா, நாளைக்குக் கஷ்டமாயிடும்” என்று சொல்லிக்கொண்டே இருந்தார். நாங்களும் சரி சரி என்று தலையை ஆட்டிவிட்டு, பழையபடி தறியடியிலேயே உட்கார வைத்தோம். நடக்கிற காரியத்தை யார் கலைப்பார்கள்?

பதினெட்டு வயது முடிந்ததும் பள்ளிக்கூடம் கையை விரித்துவிட்டது. அது பதினெட்டு வரைக்கும்தான். அண்ணனுக்கு இது புரியவில்லை. தினமும் காலையில் குளித்து, யூனிபார்ம் போட்டு, பையை மாட்டிக்கொண்டு வாசலில் வேனுக்காக நின்றான். “வேன் வர்ல” என்று அவனே சொல்லிக்கொண்டு வெயில் ஏறும்வரை நிற்பான். பிறகு உள்ளே வந்து பகலெல்லாம் கூடத்தில் நடந்துகொண்டே இருப்பான். கிட்டத்தட்ட ஒரு வருஷம் இப்படிப் போனது. அந்த ஒரு வருஷத்தில் அம்மா பாதியாக இளைத்துவிட்டாள்.

அந்த நேரத்தில் அதே டீச்சர்தான் ஒரு வேலை கொண்டுவந்தார். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு கம்பெனியின் கேன்டீன். கழுவிய தட்டுகளையும் ஸ்பூன்களையும் வகை பிரித்து அடுக்க வேண்டும். வகை பிரிப்பது என்றால் அண்ணனுக்கு அல்வா சாப்பிடுகிற மாதிரி. கம்பெனி பஸ்ஸே கூட்டிக்கொண்டு போய்க் கொண்டுவந்து விடும். கொஞ்ச நாள் அம்மாவும் கூட வரலாம் என்றார்கள். ஒரே ஒரு கண்டிப்புதான். சாப்பாட்டுப் புழக்கம் என்பதால் முகத்தில் ஒரு முடி இருக்கக் கூடாது. திங்கட்கிழமை காலையில் வர வேண்டும். வராவிட்டால், அந்த இடத்துக்குக் காத்திருக்கிற இன்னொரு பையனைக் கூப்பிட்டுக்கொள்வார்கள்.

சாண் ஏறினால் முழம் சறுக்கும் என்பார்களே, எங்களுக்கு அந்த வாரம் அப்படித்தான் ஆனது. வெள்ளிக்கிழமை அப்பாவின் தறியில் பாவு, அதாவது நீளவாட்டில் ஓடுகிற நூல், முடிந்துவிட்டது. பழைய இழை ஒவ்வொன்றோடும் புதுப் பாவின் இழையை முறுக்கிச் சேர்க்க வேண்டும். ஆயிரக்கணக்கான இழைகள். அந்த வேலைக்காக ஆள் வந்து சனியும் ஞாயிறும் உட்கார்ந்துவிட்டார். அதுவரை தறி ஓடாது. எதிர்வீட்டுத் தறிக்கு அண்ணனைக் கூட்டிப்போனோம். அவன் கொஞ்ச நேரம் காதைக் கொடுத்துக் கேட்டான். “அப்பா இல்ல” என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டான். அந்தத் தறியின் அடி வேறு மாதிரி போலிருக்கிறது. எங்கள் காதுக்கு எல்லாத் தறியும் ஒன்றுதான்.

ஞாயிறு விளக்கு வைக்கிற நேரத்தில்தான் பிணைக்கிற வேலை முடிந்தது. அப்போது மாமா கேலண்டரைப் பார்த்துவிட்டு அப்படியே நின்றார். மறுநாள் அமாவாசை.

எங்கள் தெருவில் அமாவாசைக்குத் தறி ஓடாது. யார் போட்ட சட்டம் என்று தெரியாது. கல்யாண ஆர்டர் அவசரமென்றாலும் ஓடாது, கடைக்காரர் வாசலில் வந்து நின்றாலும் ஓடாது. அதிலும் புதுப் பாவு. நல்ல நேரம் பார்த்து, மஞ்சள் குங்குமம் வைத்து, சூடம் காட்டித்தான் முதல் இழை போடுவார்கள். அப்பா செவ்வாய்க்கிழமைக்கு நேரம் குறித்து வைத்திருந்தார்.

திங்கட்கிழமை விடிந்தது. தெருவே வாயடைத்துக் கிடந்தது. மாமா புது பிளேடோடு வந்துசேர்ந்தார். அவர் கையில் ரேசர் பெட்டியைப் பார்த்ததுமே அண்ணன் சமர்த்தாகப் போய்த் தறிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து முகத்தைத் தூக்கிக் காட்டினான்.

“தறி,” என்றான்.

மாமா தன் குறுக்குவழிகளை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டார். செல்போனில் முன்பு பதிவுசெய்து வைத்திருந்த தறிச் சத்தத்தைப் போட்டார். அண்ணன் சிரித்துவிட்டு போனைப் பிடுங்கிப் பாட்டு வைத்துக்கொண்டான். மாமா ஒரு மரப்பலகையைச் சுவரில் தட்டினார். அடுத்தாற்போல் பித்தளைக் குண்டானைக் கவிழ்த்துப் போட்டுக் கரண்டியால் அடித்தார். “டேய், அது எங்கம்மா குடுத்த குண்டான்டா, நசுக்கிடாத” என்று அம்மா கத்தினாள். அவளுக்கும் அவருக்கும் ஒரே அம்மாதான் என்பது அந்த அவசரத்தில் அவளுக்கு மறந்துபோய்விட்டது.

கடைசியில் மாமா அப்பாவிடம் போனார். “மாமா, நான் ஒண்ணு சொல்றேன், கோச்சுக்காத. நாடாவுல தார் போடாம சும்மா ஓட்டு. நூலே இல்லன்னா அது எப்டி நெசவாவும்? வெறும் சத்தந்தான!”

பாம்பும் சாக வேண்டும், கம்பும் உடையக் கூடாது. அப்பாவுக்கும் அது கொஞ்சம் நியாயமாகப் பட்டது. நாடா என்பது பாவுக்குக் குறுக்கே ஓடுகிற ஓடம்; தார் அதற்குள் வைக்கிற ஊடை நூல் சுற்று. அது இல்லாமல் வெறும் நாடாவை விட்டு மிதித்தார். சத்தம் வந்தது. மாமா நுரையோடு குனிந்தார். அண்ணன் அவர் கையைத் தள்ளிவிட்டு எட்டி நாடாவைப் பார்த்தான்.

“தார் இல்ல. தார் போடு,” என்றான்.

கம்பெனி பஸ்ஸுக்கு நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது. அம்மா யாரையும் பார்க்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அப்பா எழுந்து சாமி மாடத்துக்குப் போய் ஒரு சூடத்தைக் கொளுத்தினார். “தாயே, என் மவன் வேலைக்குப் போறான், நீதான் பாத்துக்கணும்” என்றார். பிறகு தாரை எடுத்து நாடாவில் போட்டுக்கொண்டு குழிக்குள் இறங்கினார். “ஆபத்துக்குப் பாவமில்ல மாமா” என்றார் மாமா.

தறி ஓடியது. அண்ணன் ஆட ஆரம்பித்தான். மாமா வழிக்க ஆரம்பித்தார். மற்ற நாளில் ஊர்ப்பட்ட தறிச் சத்தத்தில் எங்கள் சத்தம் தனியாகக் கேட்காது. அன்றைக்கு அது தெருமுனை வரை கேட்டிருக்கும்.

இடது கன்னம் முடிவதற்குள் பெரியப்பா வந்துவிட்டார். அப்பாவின் அண்ணன். தெருக்கோயில் காரியங்களை எல்லாம் முன்னின்று நடத்துகிறவர். அமாவாசையன்று நகம் வெட்டினேன் என்று என் காதைத் திருகியவரும் அவரே. அவரைப் பார்த்ததும் நான் காதைப் பொத்தப் போய், குவளைத் தண்ணீர் பாவாடையில் கொட்டியது.

“இன்னாடா இது அநியாயமா கீது! அமாவாச அன்னிக்குத் தறி ஓடுது!” என்று ஆரம்பித்தவர், அண்ணனின் நுரை முகத்தைப் பார்த்ததும் திக்கினார். “சவரம் வேறயா!”

அமாவாசைக்குச் சவரமும் கூடாது. எந்தக் குற்றத்தை முதலில் திட்டுவது என்று அவருக்கே குழப்பமாகிவிட்டது. மற்ற நாளாக இருந்தால் தன் அண்ணனின் குரல் கேட்டதும் அப்பா எழுந்து நிற்பார். அன்றைக்கு மிதியிலிருந்து காலை எடுக்கவில்லை. தலையையும் நிமிர்த்தவில்லை.

“கோவிச்சுக்காதண்ணா. நிறுத்துனா எழுந்துடுவான். இன்னிக்கு வேலைல சேரணும்.”

சொல்லி வாய் மூடவில்லை, பாவில் ஓர் இழை அறுந்தது. அறுந்தால் தறியை நிறுத்தி இழையைத் தேடி எடுத்து முடிச்சுப் போட வேண்டும். அப்பாவின் கை தயங்கியது. தாளம் தடுக்கியதும் அண்ணன் ஆட்டத்தை நிறுத்திவிட்டுக் கண்ணைத் திறந்தான். முழங்கால் எழுந்திருக்கத் தயாரானது. இன்னும் ஒரு கன்னமும் மீசையும் பாக்கி.

பெரியப்பா சட்டென்று பாவுக்கு அந்தப் பக்கம் போய்க் குனிந்தார். “நீ நிறுத்தாத. நாடாவ உடாத, பலகைய மட்டும் அடிச்சிக்கினு இரு. இழைய நான் பாத்துக்கறேன்” என்றார். அப்பா ஊடையை நெருக்கி அடிக்கிற பலகையை மட்டும் மெல்ல இழுத்து இழுத்து அடித்தார். அமாவாசைக்குக் காவல் நிற்க வந்த மனிதர் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, அறுந்த நுனியைத் துழாவிப் பிடித்து முடிச்சுப் போட்டார். அண்ணன் மறுபடியும் கண்ணை மூடிக்கொண்டான். மாமா மீசையை எடுத்தார்.

முடிந்ததும் அண்ணன் இரண்டு கையாலும் முகத்தைத் தடவிப் பார்த்தான். சட்டை மாட்டினான், பையை எடுத்தான். அம்மாவோடு ஆட்டோவில் ஏறிக் கம்பெனி பஸ்ஸைப் பிடித்துவிட்டான்.

சாயங்காலம் திரும்பி வந்தபோது அவன் முகம் சோர்ந்திருந்தது, ஆனால் கூடத்தில் நடக்கவில்லை. உட்கார்ந்தான். “ஸ்பூன் இருக்குது. நெறய இருக்குது” என்றான். வேன் வர்ல என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. அம்மா காப்பி போடப் போய், அடுப்படியிலேயே கொஞ்ச நேரம் நின்று அழுதுவிட்டு வந்தாள். அது சந்தோஷ அழுகை என்பது எனக்கே தெரிந்தது.

பெரியப்பா மைசூர்பாகு வாங்கிக்கொண்டு வந்திருந்தார். காலையில் நடந்த பாவத்தில் தனக்கும் பங்கு விழுந்துவிட்டதால் திட்டுவதை விட்டுவிட்டார். எல்லோரும் நடந்ததைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம். பெரியப்பாதான் திடீரென்று சிரிப்பை நிறுத்தினார். “இன்னிக்கு அப்பன் ஓட்டினான், மாமன் வழிச்சான், நான் இழை போட்டேன். நாமெல்லாம் போன பின்னாடி இவனுக்கு யாருப்பா?”

எனக்கு அது ஒரு கேள்வியாகவே படவில்லை. “நான் இருக்கேன்ல பெரியப்பா! நானே தறி ஓட்டுவேன், நானே சவரமும் பண்ணுவேன். எங்கியும் போவ மாட்டேன்” என்றேன்.

மாமா என் தலையில் கை வைத்து, “இது பொண்ணு!” என்றார். அப்பாவின் முகம் அப்படியே மலர்ந்துவிட்டது. பெரியப்பா தன் பங்கு மைசூர்பாகையும் எனக்கே கொடுத்தார். அந்த வீட்டில் அவ்வளவு பெரியவர்கள் ஒரே நேரத்தில் என்னைப் பார்த்துச் சந்தோஷப்பட்டது அதுதான் முதல் தடவை.

அம்மா மட்டும் எரிந்து விழுந்தாள். “நீ ஒண்ணும் பண்ண வேணாம். பெரிய மனுஷியாட்டம் பேசாம வாய மூடிக்கினு போய்ப் படி!”

மறுநாள் சாயங்காலம் அவர்கள் வேலையிலிருந்து வந்த பிறகு பார்த்தால், பின்கட்டில் குழாயடியில் அம்மாவும் அண்ணனும் எதிரெதிரே உட்கார்ந்திருந்தார்கள். தறிச் சத்தம் கேட்கக் கூடாதென்று நடுக்கதவைச் சாத்தியிருந்தாள். பிளேடு இல்லாத ரேசரை அவன் கையிலேயே கொடுத்து, அவன் கன்னத்தில் அவனையே ஒரு இழுப்பு இழுக்க வைத்தாள். அவ்வளவுதான், போதும் என்று எழுப்பிவிட்டாள். அடுத்த நாள் இன்னொரு இழுப்பு. டீச்சரிடம் போனில் கேட்டுக் கேட்டுச் செய்தாள். கத்தினான், தூக்கி எறிந்தான், மறுநாள் மறுபடி உட்கார்ந்தாள். நான் ஆசையாகக் குவளையை எடுத்துக்கொண்டு போனால், “உனக்கு இங்க வேல இல்ல” என்று விரட்டினாள். மாமாவையே, “இனிமே நீ ரேசரத் தொடாதடா” என்றுவிட்டாள். மாமாவுக்கும் கொஞ்சம் வருத்தம்தான். அண்ணன் தானாகச் சவரம் செய்துகொள்ள ஒரு வருஷத்துக்கு மேல் ஆனது; அதுவரை காலையில் தறியடியில் அம்மாவே வழித்துவிட்டாள். தாடைக்குக் கீழே கொஞ்சம் முடியை இன்றைக்கும் விட்டுவிடுவான். கேன்டீன்காரர்கள் அதைக் கண்டுகொள்வதில்லை.

நான் கல்லூரி விடுதிக்குப் பெட்டியோடு கிளம்பிய நாளில், அண்ணனை இனி யார் பார்த்துக்கொள்வார் என்று வீட்டில் ஒருவரும் கேட்கவில்லை. கேட்பதற்கு அவன் வீட்டிலும் இல்லை. எனக்கு முன்னாலேயே எழுந்து, வழித்து, குளித்து, அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு கம்பெனி பஸ்ஸுக்குப் போயிருந்தான். வாசலில் நின்று வழியனுப்பியபோது அம்மாதான் எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்தாள்.

ஒன்பது வயதில் இதெல்லாம் எங்கே தெரிந்தது? எல்லோரும் மெச்சிய பெண்ணை அம்மா ஒருத்திக்குத்தான் பிடிக்கவில்லை என்று நினைத்தேன். அவள் அண்ணனுக்காக மட்டுமே குழாயடியில் உட்கார்ந்து போராடுகிறாள் என்று நினைத்துக்கொண்டு, அந்த வாரம் முழுக்க அவளோடு பேசாமல் இருந்தேன்.