ஏலம் என்றால் என்னவென்று போடிக்காரனிடம் கேட்டார்கள்

இணையத்தில் ஓவியங்களை ஏலம் விடும் கம்பெனி ஒன்றில், 'அசல் எண்ணெய் ஓவியம்' என்று போட்டிருந்த மலைக்காட்சி ஒன்றை எடுத்தேன். மாமாவின் புது வீட்டுக்குப் பரிசு.

இன்று பால் காய்ச்சிய வீட்டில், எல்லோர் முன்னாலும் பார்சலைப் பிரித்தேன். சந்தேகம் வந்து போன் கேமராவில் பெரிதாக்கிப் பார்த்தால், முழுக்க அச்சுப் புள்ளிகள். வெறும் பிரிண்ட்!

மாமா ஏலக்காய் வியாபாரி. விட்டுவிடுவாரா?

"கலர் போட்ட காய எடுத்துட்டு வந்துட்டியே மாப்ளே! தட்டுல அள்ளிப் பாக்காமயா ஏலம் கேட்ட?"

வீடே சிரித்தது.

கம்பெனிக்குப் போன் போட்டேன். "திருப்பியெல்லாம் எடுக்க மாட்டோம். ஏலம்னா என்னன்னு தெரியுமா சார்?" என்றது ஒரு குரல்.

"நான் போடிங்க. இங்க ஏலக்காய் சாம்பிளக் கையில குடுத்துட்டுத்தான் ஏலமே விடுவாங்க."

வைத்துவிட்டார்கள்.

சாயங்காலம் அவர்களுடைய நேரலை ஏலம். புள்ளிகளின் படத்தைக் கமெண்டில் போட்டு, "இந்த ஓவியத்தையும் இப்படிக் கிட்டக்கக் காட்டுங்க" என்றேன். "ஆமா, காட்டுங்க" என்று பலர் சேர்ந்துகொண்டார்கள். விலை கேட்க ஒருத்தரும் இல்லை. ஏலம் விட்டவர் தண்ணீர் குடித்தார். அப்புறம் என்னை பிளாக் செய்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை அடுத்த ஏலமாம்.

உங்களை யாரும் இன்னும் பிளாக் செய்யவில்லையே?