பளபளவென்று ஒரு கோழி

கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பது என் தொழில். பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, "ஒண்ணும் இல்லைங்க, ரொம்ப சுலபம், கிளட்ச்சை மெதுவா விடுங்க" என்று சொல்லிச் சொல்லியே தலை நரைத்தவன். என் காலடியில் இன்னொரு பிரேக் உண்டு. அந்தத் தைரியத்தில்தான் எல்லாவற்றையும் சுலபம் என்கிறேன் என்பது கற்க வருபவர்களுக்குத் தெரியாது. எனக்கே ரொம்ப நாள் தெரியாது.

தெருவில் எனக்குப் பெயர் பிரேக் மாஸ்டர். மரியாதையாக வைத்த பெயர் என்று நினைத்து நானும் நிமிர்ந்து நடந்துகொண்டிருந்தேன். மகள்தான் ஒருநாள் விளக்கினாள். எதிரே பூனை வந்தால்கூட ஓட்டுகிறவரை ஓட்டவிடாமல் நானே மிதித்துவிடுகிறேனாம். அதைச் சொல்லித்தான் சிரிக்கிறார்களாம்.

மகள் ஓர் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே பிரிவில் இருக்கிறாள். அங்கே மெஷின் பழுதுபார்க்க வரும் பையனைப் பிடித்திருக்கிறது என்றாள். பையனுக்கு அப்பா இல்லை. அம்மா சொந்தமாக மருந்துக்கடை நடத்துகிறார். இரண்டு பேரையும் ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டுக்குக் கூப்பிடுவதாக முடிவானது. வருவதாகச் சொல்ல அந்த அம்மா போன் செய்தபோது என் மனைவி குளித்துக்கொண்டிருந்தாள். நான் எடுத்தேன். வினை அங்கே ஆரம்பித்தது.

நலம் விசாரித்து முடித்ததும் அவர் பேச்சை நிறுத்திவிட்டார். மருந்துச் சீட்டைப் படிப்பவர் போல அளந்து பேசும் சுபாவம். எனக்கோ பேச்சில்லாத இடம் ஆகவே ஆகாது. "ஞாயித்துக்கிழமை நானே சமைக்கிறேன்மா. ஜப்பான்காரங்க ஒரு கோழி செய்வாங்களே, அது நம்ம கைப்பக்குவம்" என்று சொல்லிவிட்டேன்.

அந்தக் கோழிக்கும் எனக்கும் இருந்த உறவு, முந்தின நாள் மாலை போனில் பார்த்த ஒரு வீடியோ மட்டும்தான். ஒரு பெண் சிரித்துக்கொண்டே செய்துகாட்டினாள். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நுணலாவது மழை பெய்தால்தான் வாயைத் திறக்கும்.

தலையைத் துவட்டிக்கொண்டு வந்த மனைவியிடம் சொன்னேன்.

"கல்யாணமாகி இத்தனை வருஷத்துல ஒரு நாள் வெந்நீர் வச்சுப் பாத்ததில்ல. கைப்பக்குவமாம்."

"ரொம்ப சுலபம். வீடியோல பாத்தேன். சோயா சாஸ், சர்க்கரை, இஞ்சி, கொஞ்சம் வினிகர். அவ்வளவுதான்."

"நல்லது. சோறும் காயும் நான் பண்ணிடறேன். கோழிக்கும் எனக்கும் சம்பந்தம் இல்ல."

ஞாயிற்றுக்கிழமை காலை அவள் சமையலறை வாசலில் முக்காலி போட்டு உட்கார்ந்துகொண்டாள். கோழித் தொடைகளை எலும்பு நீக்கி வாங்கி, முந்தின இரவே உப்புப் பிசறி வைத்திருந்தேன். வீடியோவில் அந்தப் பெண் உப்பே போடவில்லை. மறந்துவிட்டாள், பாவம், சின்னப் பெண் என்று நினைத்துத் திருத்தியிருந்தேன். சோயா சாஸே உப்புத்தான் என்பது என் புத்திக்கு எட்டவில்லை.

தோல் பக்கம் கீழே இருக்கும்படி போட வேண்டும் என்பது நினைவிருந்தது. ஆனால் வீடியோப் பெண்ணின் வாணலியில் துண்டுகள் கைகால் நீட்டிப் படுத்திருந்தன. என் வாணலியிலோ திருவிழாக் கூட்டம். கோழி பொரியாமல் தண்ணீர் விட்டுக்கொண்டது. அதன்மேல் சாஸ் கலவையை ஊற்றினேன். கெட்டியாகிப் பளபளக்க வேண்டிய குழம்பு, மழைநாள் சாலைபோலக் கறுப்பாக ஓடியது. கொதிக்கவிட்டேன். நிறம் போதாது என்று இன்னும் சாஸ். அதை ஈடுகட்டச் சர்க்கரை. மறுபடி கொதி.

மனைவி பார்த்துக்கொண்டே இருந்தாள். அடுப்பு அவள் கைக்கு எட்டும் தூரத்தில்தான் இருந்தது. அன்றைக்கு பிரேக் அவளிடம் இருந்தது, அவள் மிதிக்கவில்லை. இவ்வளவு பொறுமையான ஆசிரியரை நான் பார்த்ததில்லை.

திடீரென்று குழம்பு சுண்டியது. துண்டுகளை ஒட்டிப் பிடித்துக்கொண்டு மின்னியது. மெழுகு போட்டுத் துடைத்த புதுக் கார்கூட அப்படி மின்னாது. மேலே வறுத்த எள்ளைத் தூவினேன். ருசி பார்க்கத் தோன்றவே இல்லை. அழகிலேயே மயங்கிவிட்டேன்.

விருந்தாளிகள் வந்தார்கள். நானே பரிமாறினேன். முதல் வாயிலேயே பையனின் கண் கொஞ்சம் விரிந்தது, மெல்லாமல் விழுங்கினான். மகள் தண்ணீர் ஜாடியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். நானும் ஒரு துண்டை வாயில் வைத்தேன். கடலைச் சுண்டக் காய்ச்சி அதில் வெல்லம் போட்டதுபோல இருந்தது. மனைவி வெறும் சோற்றைக் கவனமாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

அந்த அம்மா மட்டும் நிதானமாகச் சாப்பிட்டார். தட்டைக் காலி செய்துவிட்டு, "நல்லா இருக்கு சார். இன்னும் ரெண்டு துண்டு வைங்க" என்றார்.

எனக்கு எங்கிருந்து அந்தத் திமிர் வந்ததோ தெரியவில்லை. இரண்டு துண்டு வைத்துவிட்டு மனைவியை ஒரு பார்வை பார்த்தேன். "ருசி தெரிஞ்சவங்களுக்குத்தான்மா இதெல்லாம் புரியும்" என்று வாய்விட்டே சொன்னேன்.

பையன் தலையைக் குனிந்துகொண்டான். அந்த அம்மா சிரிக்கவில்லை. கையில் இருந்த துண்டைத் தட்டில் வைத்தார்.

"உங்ககிட்ட மறைக்க வேண்டாம் சார். முன்னாடி ஒரு காய்ச்சல் வந்துச்சு. அதுலேருந்து எனக்கு வாசனையும் தெரியாது, ருசியும் தெரியாது. எதைத் தின்னாலும் மண்ணு மாதிரிதான். இவன்கிட்ட யாருக்கும் சொல்லாதேன்னு சொல்லியிருந்தேன். சொன்னா பாவம் பாப்பாங்க. எனக்குச் சமைக்கிறதையே விட்டுடறாங்க."

என்னைத் தவிர எல்லோரும் சாப்பிடுவதை நிறுத்தினார்கள். நான் நிறுத்தாததற்குக் காரணம், வாயில் இருந்ததை என்ன செய்வதென்று தெரியாததுதான்.

"பாக்க அழகா இருந்துச்சு, அதான் நிறைய சாப்பிட்டேன்" என்றார். பிறகு ஜாடியைப் பார்த்தார். "ஆனா உங்க பொண்ணு தண்ணி குடிக்கிறதைப் பாத்தா வேற மாதிரி இருக்கே. எப்படி சார் இருக்கு? நிஜத்தைச் சொல்லுங்க."

பொய் சொல்லத் தெம்பில்லை. இன்னொரு துண்டை எடுத்து வாயில் போட்டேன். புது ஆளுக்குப் பாதை சொல்வதுபோலச் சொன்னேன்.

"முதல்ல உப்பு வருதும்மா. கன்னத்துல அறையுற மாதிரி. கொஞ்சம் பொறுத்தா பின்னாலயே இனிப்பு ஓடி வருது, மன்னிப்புக் கேக்குற மாதிரி. இஞ்சி ரொம்ப லேட்டா வந்து தொண்டைகிட்ட நிக்குது. ஓரத்துல கருகின சர்க்கரை, லேசா கசப்பு. கோழி எங்க இருக்குன்னு இன்னும் தேடிட்டிருக்கேன்."

அவரும் ஒரு துண்டை வாயில் போட்டு, கண்ணை மூடிக்கொண்டு மென்றார். நான் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல மெல்லும் வேகம் குறைந்தது. "இஞ்சி" என்றபோது ஒரு நிமிடம் அசையாமல் இருந்தார்.

"எல்லாரும் என்கிட்ட நல்லா இருக்கா, நல்லா இருக்கான்னுதான் கேப்பாங்க" என்றார். "எப்படி இருக்குன்னு யாரும் சொன்னதில்ல."

என் மனைவி எழுந்துபோய் அவருக்கு இன்னும் கொஞ்சம் சோறு கொண்டுவந்தாள். போகிற வழியில் என் தோளைத் தொட்டுவிட்டுப் போனாள். பாராட்டா, இரக்கமா என்று இன்றுவரை கேட்கவில்லை. கேட்டால் சொல்லிவிடுவாள்.

கல்யாணம் எளிமையாக நடந்தது. சமையலை வெளியாளிடம் விட்டோம். சம்பந்தியம்மா எங்கள் வீட்டுக்கு வரும்போதெல்லாம் சாப்பாட்டு மேசையில் என் பக்கத்தில்தான் உட்காருகிறார். போன வாரம் ஆரஞ்சுப் பழம் வாங்கி வந்தார். ஒரு சுளையைக் கையில் வைத்துக்கொண்டு, "ம், சொல்லுங்க சம்பந்தி" என்றார்.

"புளிப்பு" என்றேன்.

"எந்த மாதிரிப் புளிப்பு?"

உள்ளேயிருந்து மனைவியின் குரல் கேட்டது. "ஒரு பழத்துக்கு இனி அரை மணி நேரம் பேசுவாரு பாருங்க."

நான் இன்னொரு சுளையை உரித்து வாயில் போட்டுக்கொண்டு யோசித்தேன்.