பொட்டு வைத்த பிளாப்பி

வேம்புலியின் இடுப்புக் கயிற்றில் இரண்டு சாவிகள் தொங்கும். ஒன்று வீட்டுச் சாவி; அது தொலைந்தால் பூட்டை உடைத்துக்கொள்ளலாம் என்பார். மற்றது பருத்திப்பட்டு அரசுப் பள்ளியின் கம்ப்யூட்டர் அறைச் சாவி. அதைக் குளிக்கும்போதுகூடக் கழற்றுவதில்லை என்று அவர் மனைவி முனியம்மா தெருவெல்லாம் சொல்லிச் சிரிப்பாள்.

அப்பா, அம்மா இருவரும் அடுத்தவர் வயலில் நாற்று நட்டவர்கள். எட்டாவதோடு நின்ற வேம்புலிக்குப் பள்ளியில் அட்டெண்டர் வேலை கிடைத்ததே பெரிய சங்கதி. எண்பத்தொன்பதில் இரண்டு கம்ப்யூட்டர்கள் வந்து இறங்கின. ஏதாவது உடைந்தால் பழி தன் தலையில் விடியும் என்று ஆசிரியர் ஒருவரும் சாவியைத் தொடவில்லை. “நீயே வெச்சுக்கோ வேம்புலி” என்று தலைமையாசிரியர் அய்யாசாமி மேஜைமேல் அதைத் தள்ளிவிட்டார். அவருக்கு விட்டது தொல்லை. வேம்புலிக்கோ கோயில் கருவறையே கைக்கு வந்தது போலிருந்தது.

அன்றிலிருந்து அந்த அறைக்குள் யாரும் செருப்போடு போக முடியாது. ஆய்வுக்கு வந்த அதிகாரியையே பூட்ஸைக் கழற்ற வைத்த மகராசன் அவர்.

ஒருநாள், பிள்ளைகளின் பெயர்களைப் பதிந்துவைக்கும் பிளாப்பி ஒன்று கெட்டுப்போய்க் குப்பைக்கூடையில் கிடந்தது. வீட்டுக்கு எடுத்துப்போய் பிளேடால் அறுத்தார். சதுரமான கறுப்பு உறைக்குள் பழுப்பு நிறத்தில் மெல்லிய வட்டத் தகடு. வெயிலில் பிடித்துப் பார்த்தார், திருப்பிப் பார்த்தார். ஓர் எழுத்துகூட இல்லை.

“இன்னாமே இது, வெறும் தாளு மாதிரி கீது. இதுக்குள்ள போய் அத்தினி பேரு எப்டி குந்திகினு கீறாங்க?”

முனியம்மா குழம்பைக் கிளறியபடியே சொன்னாள்: “சாமி மட்டும் கண்ணுக்குத் தெரிதா இன்னா?”

விளையாட்டாகச் சொன்ன பேச்சுதான். வேம்புலியின் நெஞ்சில் அது பசுமரத்தாணியாகப் பதிந்துவிட்டது.

தொண்ணூற்று மூன்றில், பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதுவோர் பட்டியலை முதல்முறையாகப் பிளாப்பியில் கேட்டது மாவட்டக் கல்வி அலுவலகம். கம்ப்யூட்டர் டீச்சர் சுசீலா முந்நூற்றுப் பன்னிரண்டு பெயர்களை மூன்று வாரம் தட்டி முடித்தார். முடித்த மறுநாள் ஆயுத பூஜை. பள்ளி மணி, தேசப்பட ஸ்டாண்டு, தலைமையாசிரியரின் சைக்கிள் எல்லாவற்றுக்கும் சந்தனமும் குங்குமமும் வைத்த வேம்புலி, கடைசியாகப் பிளாப்பியைக் கையில் எடுத்தார். உறையின் நடுவே நீள்வட்டமாக ஒரு சின்னத் திறப்பு; அதன் வழியே பழுப்புத் தகடு தெரிந்தது. சாமி முகம் காட்டும் இடம் இதுதான் என்று உடம்பு சிலிர்த்தது அவருக்கு. அங்கேயே ஈரச் சந்தனத்தை வைத்து, அதன்மேல் குங்குமத்தையும் வைத்துக் கும்பிட்டார்.

விடுமுறை முடிந்து வந்த சுசீலா அதைப் பார்த்ததும் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

“அந்தத் திறப்பு வழியாத்தான் மெஷின் படிக்கும் வேம்புலி. நகல்கூட எடுக்கலை. மூணு மணிக்குள்ள கொடுத்தாகணும்.”

செய்தி கேட்டு வந்த அய்யாசாமி கையை நீட்டினார். “சாவி.”

அந்தச் சாவி போனால் வேம்புலி மறுபடி வெறும் மணியடிக்கிற ஆள். கழற்றிக் கொடுத்தார். அய்யாசாமி அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போனார். கொடுத்த பிறகுதான் அந்த அறுத்த பிளாப்பி ஞாபகம் வந்தது.

“டீச்சர், உள்ள வட்டமா ஒரு தகடு கீது. நான் அறுத்துப் பாத்துக்கீறேன். அத்த மட்டும் எடுத்துக் கழுவி, பழைய பிளாப்பி உறைல போட்டா படிக்காதா?”

சுசீலா யோசித்தார். “இனிமே கெட என்ன இருக்கு? செய்யுங்க.”

உறையின் ஓரத்தைப் பிளேடால் கீறித் தகட்டை உருவினார் வேம்புலி. அறிவியல் கூடத் தொட்டியில் சோப்புத் தண்ணீர் விட்டு, பிறந்த குழந்தைக்குத் தலைக்கு ஊற்றுவது போல அலசினார். குங்குமம் செந்நீராக ஓடியது. வெள்ளைத் துணியில் பரப்பி, மின்விசிறிக்குக் கீழே மூச்சைப் பிடித்துக்கொண்டு காவல் இருந்தார். காய்ந்ததும் வேறொரு பழைய பிளாப்பியின் உறைக்குள் நுழைத்து சுசீலாவிடம் கொடுத்தார்.

மெஷின் கரகரத்தது. நின்றது. மறுபடி கரகரத்தது. பிறகு பச்சை எழுத்துகள் வரிவரியாக மேலேறி வந்தன.

வேம்புலிக்கு ஆங்கிலம் படிக்கத் தெரியாது. “எல்லாரும் கீறாங்களா டீச்சர்?”

சுசீலா கடைசி வரி வரை பார்த்தார். “முந்நூத்துப் பன்னிரண்டு பேரும் இருக்காங்க.”

எழுத்தே இல்லாத தகடு, தண்ணீரில் முங்கி எழுந்தும் ஒரு பிள்ளையையும் விடவில்லை. வேம்புலி கைகூப்பி நின்றார். கண்ணில் நீர் கொட்டியது, துடைக்கத் தோன்றவில்லை.

வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு அய்யாசாமி உள்ளே வந்தார். சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்தார். “நீயே வெச்சுக்கோ வேம்புலி” என்றார். நான்கு வருடத்துக்கு முன் சொன்ன அதே சொல்தான். இந்த முறை இரண்டு கையாலும் கொடுத்தார்.

அடுத்த ஆயுத பூஜைக்கு அந்த அறைக்குள் எதற்கும் பொட்டு வைக்கவில்லை வேம்புலி. கதவைப் பூட்டிவிட்டு, சாவிக்கு மட்டும் வைத்தார்.