ஐப்பசியில் வந்து பாருங்கள்

பத்திரப் பதிவு அலுவலகத்துக்கு எதிரில் இருக்கும் பத்திர எழுத்தர் கடையில் இருபத்திரண்டு வருடமாகத் தட்டச்சு செய்கிறேன். முதலில் மெஷின், இப்போது கம்ப்யூட்டர். விற்பவர், வாங்குபவர், புரோக்கர், சாட்சி என்று ஒரு நாளைக்கு முப்பது பேராவது என் மேசைக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டுப் போவார்கள். அதனால் வீடு வாங்கும் விஷயத்தில் என்னை யாரும் ஏமாற்ற முடியாது என்று நினைத்திருந்தேன். ஒரு விதத்தில் யாரும் ஏமாற்றவும் இல்லை.

எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. பெரிய காஞ்சிபுரத்தில் அண்ணன் குடும்பத்தோடு ஒரு வாடகைப் போர்ஷனில் இருந்தேன். அண்ணன் மகனுக்கு ஓசூரில் வேலை நிரந்தரமானதும் அண்ணனும் அண்ணியும் அங்கே கிளம்பினார்கள். "நீயும் வரதுன்னா வாயேன்" என்றார் அண்ணி. "வந்துடு" என்று சொல்லியிருந்தால் யோசித்திருப்பேன். வேலை இருக்கிறதே என்று சொல்லி நின்றுவிட்டேன். ஆறு மாதம் கழித்து வீட்டுக்காரர், போர்ஷன்களை இடித்துவிட்டு லாட்ஜ் கட்டப் போவதாகச் சொன்னார். ஐம்பத்தோரு வயதில் இன்னொரு வாடகை வீடு தேடி, "தனியாவா இருக்கீங்க?" என்ற கேள்விக்குத் தெருத்தெருவாகப் பதில் சொல்ல எனக்குத் தெம்பில்லை. சொந்தமாக ஒன்று வாங்கிவிடலாம் என்று முடிவு செய்தேன்.

எங்கள் கடைக்கு வாடிக்கையாக வரும் புரோக்கர் ஒருவர்தான் வீட்டைக் காட்டினார். என்னைவிடப் பத்து வயது சின்னவர். என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவார். ஐயம்பேட்டை போகும் வழியில், மெயின் ரோட்டிலிருந்து உள்ளே ஒரு கிலோமீட்டர் தள்ளி ஒரு புது மனைப்பிரிவு. நாற்பது மனைகள். அதில் ஏழு வீடுகள், ஒரே அச்சில் ஒரே மஞ்சள் பெயின்ட்டில் வரிசையாக நின்றன. சித்திரை மாத வெயிலில், காலை பதினொரு மணிக்குப் போய்ப் பார்த்தோம். ஏழு வீட்டுக் கதவும் சாத்தியிருந்தது.

"மத்த வீடெல்லாம்?" என்று கேட்டேன்.

"எல்லாம் வித்துப் போச்சுக்கா. இது ஒண்ணுதான் பாக்கி" என்றார்.

விற்றுப்போன வீட்டில் ஆள் இருப்பார்கள், வேலைக்குப் போயிருப்பார்கள், சாயந்திரம் வந்துவிடுவார்கள் என்று நானாகவே நினைத்துக்கொண்டேன். மூலப் பத்திரம், வில்லங்கச் சான்று, பட்டா, அப்ரூவல் எல்லாவற்றையும் வரிவரியாகப் படித்தேன். எங்கள் முதலாளியும் படித்துவிட்டு, "கண்ணாடி மாதிரி இருக்குதும்மா" என்றார். என் பத்திரத்தை நானே தட்டச்சு செய்தேன்.

வைகாசியில் பால் காய்ச்சினேன். அண்ணனும் அண்ணியும் வந்தார்கள். கடையிலிருந்து முதலாளியும் கூட வேலை செய்கிறவர்களும் ஷேர் ஆட்டோ பிடித்து வந்தார்கள். சாப்பிட்டுவிட்டு நாலு மணிக்கெல்லாம் எல்லாரும் கிளம்பிவிட்டார்கள். ஆறரை மணிக்கு வாசல் விளக்கைப் போட்டுவிட்டு, பக்கத்து வீட்டுக்காரர்களுக்கென்று எடுத்து வைத்திருந்த கேசரிக் கிண்ணத்தோடு வெளியே வந்தேன். வரிசையில் என் வீட்டு விளக்கு மட்டும்தான் எரிந்தது. ஏழரை வரை நின்றேன். ஒரு வண்டிகூட வரவில்லை. கேசரியை உள்ளே கொண்டுபோய் மூடி வைத்தேன்.

மறுநாளும் அப்படியே. ஒரு வாரத்தில் புரிந்துவிட்டது. சென்னையிலும் வெளிநாட்டிலும் இருப்பவர்கள் முதலீட்டுக்காக வாங்கிப் போட்ட வீடுகள் அவை. கோடி வீட்டில் யாரோ ஒரு ஜவுளிக்காரர் அட்டைப் பெட்டிகளை அடுக்கி வைத்திருந்தார். மாதம் ஒரு முறை டெம்போ வரும், பெட்டி ஏறும், இறங்கும், போய்விடும். மற்ற பூட்டுகளில் சிலந்தி கூடு கட்டியிருந்தது.

ஒரே ஒரு வீட்டுக்காக உள்ளே வர முடியாது என்று பால்காரர் சொல்லிவிட்டார். பேப்பர்காரரும் அதையே சொன்னார். மெயின் ரோட்டில் ஷேர் ஆட்டோவிலிருந்து இறங்கி நடந்துதான் வருவேன். பழைய போர்ஷனில் ஒரு சுவருக்கு அந்தப் பக்கம் தறிச் சத்தம், இன்னொரு சுவருக்கு அந்தப் பக்கம் சண்டைச் சத்தம். எத்தனை நாள் எரிச்சல் பட்டிருக்கிறேன். இங்கே குக்கர் விசில் அடித்தால் நானே திடுக்கிடுவேன். ஞாயிற்றுக்கிழமை முழுக்க யாரோடும் பேசாமல் இருந்துவிட்டு, திங்கட்கிழமை காலை ஆட்டோவில் இறங்கும் இடம் சொல்லும்போது குரல் அடைத்துக்கொண்டு வரும். இரண்டு முறை செருமிய பிறகுதான் சொல்ல முடியும்.

ஐப்பசியில் மழை பிடித்தது. மூன்றாம் நாள் காலை கதவைத் திறந்தால் ரோட்டைக் காணவில்லை. என் வாசற்படிக்குக் கீழிருந்து மெயின் ரோடு வரை செம்மண் நிறத்தில் தண்ணீர். வீட்டுக்குள் வரவில்லை. ஆனால் வடியவும் இல்லை. ஆறு நாள் நின்றது. ரோடு எது, பள்ளம் எது என்று தெரியாமல் இறங்கப் பயந்து கடைக்கு லீவு சொன்னேன். இருந்த அரிசியில் கஞ்சி வைத்துக் குடித்தேன். அண்ணனுக்கு போன் செய்து, "மழை நல்லா பெய்யுதுண்ணா" என்று மட்டும் சொன்னேன்.

தண்ணீர் நின்ற நாலாம் நாள், ஆடு மேய்க்கிற பெரியவர் ஒருவர் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, தவறிப்போன குட்டியைத் தேடித் தண்ணீருக்குள் நடந்து வந்தார். என்னைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார்.

"இங்க ஆளு கீதா?" என்றார். பிறகு, "இது ஏரித் தண்ணி வர்ற வழிம்மா. முன்னாடி ஓடை இருந்துச்சு, மண்ணப் போட்டுத் தூத்துட்டாங்க. வருசா வருசம் வரும். வாங்கறப்போ யாரும் சொல்லலியா?"

சொல்லவில்லை என்றேன். "சரிம்மா, பூச்சி பொட்டு வரும், பாத்து இரு" என்று சொல்லிவிட்டுக் குட்டியைத் தேடிப் போனார்.

தண்ணீர் வடிந்து கடைக்குப் போன அன்று புரோக்கர் வந்திருந்தார். கோபமாகக் கேட்கத்தான் நினைத்தேன். குரல் கெஞ்சுவது போல வந்தது.

"தம்பி, தண்ணி வர்ற வழின்னு உங்களுக்குத் தெரியுமா?"

"வூட்டுக்குள்ள வந்துச்சாக்கா?"

"உள்ள வரல. நான்தான் வெளிய வர முடியல."

"அதான் உள்ள வரலியே" என்றார் நிம்மதியாக. "ரோடு ஒசத்தறேன்னு சொல்லிக்கினு இருக்காங்க."

"அங்க யாருமே குடியில்லைன்னும் சொல்லல."

"நீங்க கேக்கலியேக்கா. வித்துப் போச்சுன்னேன், வித்துதானே போச்சு? நீங்க பத்திரத்துல கேட்டதெல்லாம் காட்டினேன். ஒரு காயிதம் கொறச்சலா?"

குறையில்லைதான். அவர் மேல் தப்புச் சொல்ல எனக்கே ஒரு வாசகம் கிடைக்கவில்லை.

மாசி மாதம் அவரே போன் செய்தார். பக்கத்து வீட்டை அதன் சொந்தக்காரர் விற்கிறாராம். "சனிக்கிழம ஒரு பார்ட்டி வருதுக்கா. நல்ல ஃபேமிலி. ஸ்ரீபெரும்புதூர் கம்பெனில வேல. உங்களுக்கும் தொணையா இருக்கும். எதனா கேட்டா கொஞ்சம் பாத்துப் பேசுங்க."

பாத்துப் பேசுங்க என்றால் என்னவென்று எனக்குப் புரிந்தது. சனிக்கிழமை லீவு போட்டேன். என் வாசலோடு சேர்த்து அந்த வீட்டு வாசலையும் பெருக்கி, இரண்டுக்கும் கோலம் போட்டேன். பிஸ்கட்டும் ஜூஸ் பாக்கெட்டும் வாங்கி வைத்தேன்.

கணவன், மனைவி, நாலு வயதில் ஒரு பெண் குழந்தை. குழந்தை காலி மனைகளில் குறுக்கும் நெடுக்கும் ஓடியது. அந்தப் பெண் தண்ணீர் கேட்டு என் வீட்டுக்குள் வந்தாள். சமையலறையைச் சுற்றிப் பார்த்தாள். "இங்க எல்லாம் வசதியா இருக்குதாக்கா?" என்று கேட்டாள். வாசலில் புரோக்கர் நின்றுகொண்டிருந்தார். அவருக்காக நான் பொய் சொன்னேன் என்று சொல்ல மாட்டேன். எனக்காகத்தான் சொன்னேன்.

"அமைதியா இருக்கும்மா" என்றேன்.

என் நம்பரை வாங்கிக்கொண்டு போனாள். அதற்குப் பிறகு இரண்டு நாளுக்கொரு முறை போன். பள்ளிக்கூட வேன் மெயின் ரோட்டுக்கு எத்தனை மணிக்கு வரும், போர்வெல் தண்ணீரில் பருப்பு வேகுமா, முருங்கைக் கன்று வைக்கலாமா. ஒரு நாள் எதுவும் கேட்கவில்லை, சும்மாதான் கூப்பிட்டதாகச் சொன்னாள். அவள் அப்பா வீட்டில் ஏதோ வருத்தம். அரை மணி நேரம் பேசினாள். யாராவது என்னிடம் அப்படிப் பேசி எத்தனை வருடம் ஆயிற்று என்று அன்று எண்ணிப் பார்த்தேன். ஒவ்வொரு முறையும், தண்ணீர் விஷயத்தை அடுத்த முறை சொல்லிவிடலாம் என்று தள்ளிப் போட்டேன்.

பத்திரம் எங்கள் கடைக்கே வந்தது. நான்தான் தட்டச்சு செய்தேன். பதிவுக்கு முந்தின நாள், நகலைச் சரிபார்க்கக் கணவனும் மனைவியும் வந்தார்கள். புரோக்கரும் கூடவே வந்து உட்கார்ந்தார். சொத்து விவரத்தில் நாலு எல்லையும் வரும். கிழக்கே யார் இடம், மேற்கே யார் இடம் என்று. அந்தப் பெண் விரலை வைத்துப் படித்துக்கொண்டே வந்தவள், சட்டென்று நிமிர்ந்தாள்.

"அக்கா, இங்க பாருங்க, எங்க பத்திரத்துல உங்க பேரு வருது!"

அப்படி ஒரு சந்தோஷம் அவள் முகத்தில். என்னால் அதைப் பார்க்க முடியவில்லை. கீபோர்டைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்.

"நாளைக்குக் கையெழுத்துப் போடாதீங்கம்மா. ஐப்பசில ஒரு தடவ வந்து பாத்துட்டு முடிவு பண்ணுங்க. தண்ணி வர்ற வழி அது. போன மழைக்கு ஆறு நாள் நான் வெளிய வரல. கொழந்தைய வெச்சிக்கினு கஷ்டம். அந்த வரிசையில குடியிருக்கறதும் நான் ஒருத்திதான்."

முதலாளி பேனாவைக் கீழே வைத்தார். புரோக்கர், "அக்கா, இன்னாக்கா நீங்க!" என்றார்.

அவர்கள் இருவரில் கணவன்தான் முதலில் பேசினான். அவன் புரோக்கரைக் கேட்கவில்லை, என்னைக் கேட்டான். "இத அன்னிக்கே சொல்லியிருக்கலாம் இல்ல? ஒண்ணரை மாசமா இவ தினம் உங்களப் பத்திதான் பேசறா."

அந்தப் பெண் நகலை மடித்து மேசை ஓரத்தில் வைத்துவிட்டு எழுந்தாள். போகும்போது திரும்பிப் பார்ப்பாள் என்று நினைத்தேன். பார்க்கவில்லை.

அவர்கள் போன பிறகு புரோக்கர், "எனக்குப் போனா இன்னொரு பார்ட்டி வரும்கா. உங்களுக்கு?" என்றார். கோபத்தில் சொன்னாரா, இரக்கப்பட்டுச் சொன்னாரா, இன்றைக்கும் எனக்குத் தெரியாது. சாயந்திரம் நான் பையை எடுக்கும்போது முதலாளி, "நம்ம வேல எழுதறதோட சரிம்மா" என்றார்.

ஒரு மாதம் கழித்து அந்தப் பெண்ணுக்கு நானே போன் செய்தேன். மணி அடித்து நின்றது. இன்னொரு முறை செய்யவில்லை.

அதற்குப் பிறகும் அந்த வீட்டைப் பார்க்க ஆட்கள் வருகிறார்கள். இப்போது நான் காத்திருப்பதில்லை. வண்டி வந்து நின்றதும் நானே கேட் வரை போய், மழையில் தண்ணீர் நிற்கும், அக்கம்பக்கம் ஆள் கிடையாது, பால் பேப்பர் வராது, ஆட்டோ மெயின் ரோட்டோடு சரி என்று சொல்லிவிடுவேன். வாங்க வருகிறவரிடம் இந்த நாலு வார்த்தையைச் சொல்ல நாலு நிமிடம் ஆகாது. புரோக்கர் தூரத்தில் நின்று அவர்களிடம் என்னைக் காட்டி ஏதோ சொல்வார். என்ன சொல்கிறார் என்று ஒரு நாள் காதில் விழுந்தது. "அந்தம்மா அப்டித்தான். பக்கத்துல யாரும் வரக்கூடாது அதுக்கு."

போன வாரம் ஒருவர் ஸ்கூட்டரில் தனியாக வந்தார். ரிடையர் ஆனவர் போல. நான் சொன்னதை எல்லாம் வண்டியில் உட்கார்ந்தபடியே கேட்டார். மற்றவர்கள் போல உடனே கிளம்பவில்லை.

"தண்ணி எந்தப் பக்கத்திலேர்ந்து வருது?" என்றார். காட்டினேன்.

"மொழங்கால் வருமா?"

"அதுக்குக் கொஞ்சம் கீழ."

"கரன்ட் போவுமா?"

"ரெண்டு நாள் போச்சு."

இன்னும் ஏதேதோ கேட்டார். கால் மணி நேரம் இருக்கும். தெரிந்ததைச் சொன்னேன், தெரியாததைத் தெரியாது என்றேன். "வூட்ல கேட்டுட்டு வரேம்மா" என்று வண்டியைத் திருப்பினார். இதுவரை வரவில்லை. வராமலும் போகலாம். அந்த வீட்டு வாசலை இப்போது நான் பெருக்குவதில்லை.