ஊர் சுற்றிய இந்தியா படம்

தேவகனி டீச்சருக்குக் கெஞ்சத் தெரியாது. வேண்டியதைக் கூட்டத்தில் எழுந்து நின்று கேட்பார். நாசரேத்தில் டிரெயினிங் முடித்துவிட்டு, தூத்துக்குடி உப்பளத்தை ஒட்டிய சின்னப் பள்ளிக்கூடத்துக்கு வந்தவர், அங்கேயே நிலைத்துவிட்டார்.

உலகச் சண்டைக் காலம். எழுதக் காகிதம் கிடைக்காதபோது தேசப்படத்துக்கு எங்கே போவது? சுற்றுவட்டார ஆசிரியர்கள் மாதம் ஒரு சனிக்கிழமை கூடுவார்கள். ஒருவர் பாடம் நடத்த வேண்டும், மற்றவர்கள் முகத்துக்கு நேரே குறை சொல்வார்கள். அங்கேதான் டீச்சர் பேச்சை எடுத்தார்.

"என்கிட்ட கணக்குச் சொல்லிக்குடுக்க மணிச்சட்டம் இருக்கு. அண்ணாச்சிகிட்ட இந்தியா படம் இருக்கு, அலமாரியில தூங்குது. மாத்தி மாத்தி எடுத்துக்கிடுவோம்."

அண்ணாச்சி என்றது தூத்துக்குடிக்குப் பக்கத்திலேயே இருக்கும் புதுக்கோட்டை என்ற சிற்றூரின் சங்கரபாண்டியன் வாத்தியாரை. கடைக்காரக் குடும்பம். சாமானை வெளியே விட மனசு வராது.

"பிள்ளைக கிழிச்சிட்டா?"

"கிழிஞ்சா ஒட்டுவோம். கரையான் தின்னா என்ன செய்வீய?"

படம் பள்ளி பள்ளியாகச் சுற்ற ஆரம்பித்தது.

1944இல் டீச்சரின் பள்ளிக்கு ஐந்தாம் வகுப்பு அனுமதி கேட்டிருந்தார்கள். கிடைக்காவிட்டால், நாலாவது முடித்த பிள்ளைகள் நேரே உப்பளத்துக்குத்தான். பள்ளிக்கூட டெப்டி இன்ஸ்பெக்டர் காலையில் புதுக்கோட்டை, மத்தியானம் இங்கே என்று பார்வையிட வந்தார். பள்ளிக்கொரு படம் இருக்க வேண்டும் என்பது அவர் விதி. இருந்ததோ ஒன்று. ஆசிரியர்கள் கூடி ஒரு முட்டாள்தனத்தை முடிவு செய்தார்கள்: அங்கே காட்டியதையே இங்கேயும் காட்டுவது. டீச்சரும் தலையாட்டினார்.

பெட்ரோல் தட்டுப்பாட்டால் பஸ்கள் கரிப்புகையில் ஓடிய நேரம்; டெப்டி ஏறிய கரி பஸ் பாதி வழியில் நின்று அடுப்பைக் கிளறிக்கொண்டிருந்தது. சங்கரபாண்டியன் படத்தைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு முந்திவிட்டார்.

வகுப்புக்குள் வந்த டெப்டி, குஜராத் பக்கம் பசை போட்டு ஒட்டியிருந்ததை உற்றுப் பார்த்தார்.

"இத காலையில புதுக்கோட்டையில பாத்தேனே?"

வாசலில் நின்ற சங்கரபாண்டியன் துண்டால் முகத்தைத் துடைக்கத் தொடங்கினார்.

"அதேதான் சார்," என்றார் டீச்சர். "எல்லாருக்கும் இது ஒண்ணுதான். ஒளிச்சுக் கொண்டாந்தது தப்பு. பொதுவுல வச்சிருக்கது தப்பில்ல."

டெப்டி முன்வரிசைச் செல்லத்தாயைக் கூப்பிட்டுத் தூத்துக்குடியைக் காட்டச் சொன்னார். அவள் சட்டென்று விரலை வைத்தாள். அந்த இடத்தில் எழுத்தே இல்லை. தாள் பஞ்சாகியிருந்தது.

"இங்க பேரே காணோமே?"

"தேஞ்சுபோச்சு சார். எல்லாவளும் மொதல்ல நம்ம ஊரத்தான் தொடுவாளுவ."

"நம்ம உப்பு எங்க போகும்?"

விரல் கரையோரமாக ஊர்ந்து கல்கத்தாவில் நின்றது. வழியில் வந்த துறைமுகங்களை, கேட்காமலே, பின்வரிசை கத்திச் சொன்னது.

"ஏமாத்தப் பாத்ததை எழுதத்தான் செய்வேன், டீச்சர்."

"எழுதுங்க சார். பிள்ளைக சொன்ன பதிலையும் சேத்து எழுதுங்க."

இரண்டையும் எழுதினார். ஆசிரியர்களுக்கு ஒரு கண்டனக் கடிதம் வந்தது. பின்னாலேயே அனுமதியும் வந்தது.

"திட்டு எல்லாருக்கும், வகுப்பு ஒமக்கு மட்டுமா?" என்றார் சங்கரபாண்டியன்.

"திட்டையும் மாத்தி மாத்தி வச்சுக்கிடுவோம் அண்ணாச்சி."

ஜூனில் ஐந்தாம் வகுப்பு தொடங்கியது. அந்த மாதம் படம் புதுக்கோட்டை முறை. டீச்சர் சாக்பீஸை எடுத்துக் கரும்பலகையில் தானே இந்தியாவை வரைந்தார். இலங்கை கொஞ்சம் பெருத்துவிட்டது. பிள்ளைகள் சிரித்தார்கள். அவரும் சிரித்துவிட்டு, அழிக்காமலே பாடத்தை ஆரம்பித்தார்.