ஊதாச் சட்டைக்காரர் திரும்பினார்

ஒரு பைசா ஏற்றிச் சொல்லவில்லை. நான் கடைக்காரன் வீட்டுப் பிள்ளை. பேயே எதிரில் வந்தாலும் பாதி விலைக்குக் கேட்பவன். ஆனால் போன பங்குனி வெயிலில், பட்டப்பகலில் நடந்த இதில் என்னால் பேரம் பேச முடியவில்லை.

முத்தியால்பேட்டையில் பழைய கேசட்டுகளைப் பென்டிரைவில் ஏற்றித் தருவது என் தொழில். பின்தெருவில் தையல் கடை வைத்திருக்கும் ஜரினா ஒரு வீடியோ கேசட்டோடு வந்தாள். எண்பத்தொன்பதில் ஒரு பெரிய டைரக்டர் எடுத்த படம். அவருக்குக் கிடைத்த மாலையெல்லாம் மற்றப் படங்களுக்கு.

“இதையா? டைரக்டரே கேட்க மாட்டாரும்மா.”

“எங்க வாப்பா இதுல வர்றாருண்ணா. உப்பளம் துறைமுகத்துல எடுத்த சீன். ஊதாச் சட்டை போட்டு, கூட்டத்தோட நடப்பாரு. நான் பொறக்கறதுக்கு முன்னாடியே மவுத்தாயிட்டாரு. வீட்டுல ஒரு போட்டோகூட இல்ல.”

டேப் முழுக்கப் பூஞ்சை. ஒரு தடவைதான் ஓடும். “நாலு மணிக்கு வாம்மா” என்றேன்.

ஒன்றரைக்கு ஷட்டரை இறக்கினேன். எங்கள் ஊர்க் கடைகள் தூங்கும் நேரம். கேசட்டைத் துடைத்து வீடியோ டெக்கில் போட்டு, கம்ப்யூட்டரில் பதிவை ஆரம்பித்தேன். முதல் ஒரு மணி நேரம் கொட்டாவிதான்.

மணி 2.37. துறைமுகம் வந்தது. கூட்டம் நடந்தது. ஊதாச் சட்டை மட்டும் நின்றது.

மற்றவர்கள் அவரைத் தாண்டிப் போய்விட்டார்கள். படத்தில் சத்தமே இல்லை. டெக் மட்டும்... கர்ர்ர்...

அவர் திரும்பினார். இடது புருவம் கிழிந்து ரத்தம். நல்ல மேக்கப் என்று நினைத்தேன்.

நாற்காலியை வலப்பக்கம் நகர்த்தினேன்.

கண்கள் கூடவே வந்தன.

ஸ்டாப்பை அழுத்தினேன். நிற்கவில்லை.

கடைக்குள் உப்புத்தண்ணி வாடை...

உதடு அசைந்தது...

டக்.

டேப் அறுந்தது. 2.41.

நாலு மணிக்கு ஜரினா வந்தாள். பதிவைப் போட்டேன். நான் நாலு நிமிடம் பார்த்த துறைமுகக் காட்சி, அதில் மொத்தமே ஒன்பது நொடி. ஊதாச் சட்டை கூட்டத்தோடு நடந்து போகிறது. வெறும் முதுகு.

மூன்று தடவை போடச் சொன்னாள். அழுதாள். “உம்மா சொன்ன அதே நடை.”

“முகம் எங்க போச்சு?” என்றேன்.

“முதுகு மட்டும்தாண்ணா வரும். உம்மா அப்பவே சொன்னாங்க.”

“நான் பார்த்தேம்மா. உன் மூக்கு அப்படியே. புருவத்துல காயம் மாதிரி மேக்கப்...”

உடனே உம்மாவுக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் அதைச் சொன்னாள். அந்தப் பக்கத்திலிருந்து கேள்வி வந்தது.

“எந்தப் புருவம்?”

“இடது” என்றேன்.

“ஷூட்டிங்ல ஏதுப்பா காயம்? அது முடிஞ்சு, அன்னிக்குச் சாயங்காலம்தானே துறைமுகப் பாலத்துலேர்ந்து கடல்ல விழுந்தாரு. அந்தக் காயத்தோடதான் தூக்கியாந்தாங்க.”

ஜரினா போனை வைத்தாள். பயந்துவிட்டாள் என்றுதான் நினைத்தேன். நிமிர்ந்து கேட்டாள்:

“நெஜமாவே என் மூக்காண்ணா?”